ஜெர்மன் பேஸ்பாலில் ரன்கள் ஏன் சீராக வருவதில்லை

பேஸ்பாலில் ஒரு ரன் உருவாகப் பெரும்பாலும் இரண்டு மூன்று மட்டையாளர்கள் அடுத்தடுத்துச் சரியாக ஆட வேண்டும். தளங்கள் நான்கு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 27.43 மீட்டர். முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களைத் தொட்டு, புறப்பட்ட ஹோம் தளத்துக்கே ஒருவர் திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானதும் இன்னிங்ஸ் முடிந்துவிடும். அந்நேரம் மூன்றாம் தளத்தில் நின்றுகொண்டிருப்பவர் அதுவரை ஓடியதெல்லாம் வீண். கிரிக்கெட்டில் ஒருவர் எடுத்த 30 ரன் அவர் அவுட்டான பிறகும் அணியின் கணக்கில் நிற்கும். பேஸ்பாலில் முக்கால் வழி வந்த ஓட்டத்துக்குக்கூட மதிப்பில்லை. இதற்கு விலக்கு ஹோம் ரன்தான். அடித்தவர் தானும் ஹோம் வந்து, தளங்களில் இருப்போரையும் கூட்டி வந்துவிடுவார். ஆனால் அது அடிக்கடி கிடைப்பதில்லை.

இந்த அமைப்பு காரணமாக, எவ்வளவு நல்ல அணியாக இருந்தாலும் அதன் ரன் கணக்கு ஏறி இறங்கும். அமெரிக்காவின் மேஜர் லீகில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக நாலரை ரன்னுக்கு முன்பின் எடுக்கிறது. அந்தச் சராசரியைச் சுற்றி மூன்று ரன் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு நாள் ஒரே ரன், மறுநாள் ஒன்பது ரன் என்பது அங்கே அன்றாடம் நடப்பது. ஆகவே ஓர் அணி ரன் எடுக்கத் தடுமாறுகிறது என்று சொல்லும் முன், எவ்வளவு தடுமாற்றம் ஆட்டத்தின் இயல்பு, எவ்வளவு அந்த அணியின் குறை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனி இந்தக் கேள்வியை ஆராய மிகவும் ஏற்ற இடம். பழைய வரலாறும் ஒழுங்கான லீகும் நல்ல மைதானங்களும் உள்ள நாடு அது. ஆனாலும் அதன் தேசிய அணி உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியின் பிரதானச் சுற்றுக்கு இதுவரை தகுதி பெற்றதில்லை.

ஏற்ற இறக்கம் எந்த அளவுக்குப் போகும் என்பதை ஜெர்மன் மண்ணிலேயே நடந்த ஒரு தொடர் காட்டியது. 2022 செப்டம்பரில் பவேரியாவின் ரேகன்ஸ்பர்க் நகரில், ஆர்மின் வோல்ஃப் அரேனா மைதானத்தில், உலக பேஸ்பால் கிளாசிக்குக்கான தகுதிச் சுற்று நடந்தது. அதில் ஸ்பெயின் அணி செக் குடியரசை 21–7 என்று நொறுக்கியது. சில நாட்களில் அதே இரண்டு அணிகளும் கடைசித் தகுதி இடத்துக்காக மீண்டும் மோதின. ஸ்பெயின் எடுத்தது ஒரே ஒரு ரன்; செக் அணி 3–1 என்று வென்று தகுதி பெற்றது. அந்த ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸுக்கும் மேலாகப் பந்தெறிந்து ஸ்பெயினைக் கட்டிப்போட்டவர் மார்ட்டின் ஷ்னைடர். தீயணைப்புத் துறையில் வேலை செய்பவர். மட்டையாளர்கள் அதே ஆட்கள், மைதானம் அதே மைதானம், இடையே சில நாட்களே. இருபத்தொன்று ஒன்றாகச் சுருங்கியதற்கு, ஒரு பிட்சரின் திறமையோடு, அடிகள் விழுந்த வரிசையும் காரணம்.

அந்த வரிசையின் வலிமையை எளிய கணக்கில் காணலாம். ஒரு மட்டையாளர் ஹிட் அடித்தோ, நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் ‘வாக்’ மூலமோ தளமேறும் வாய்ப்பு 32 விழுக்காடு என்று கொள்வோம். மூன்று அவுட் விழுவதற்குள் குறைந்தது மூன்று பேராவது தளமேறும் இன்னிங்ஸ் நூற்றுக்கு 19 வரும். தளமேறும் வாய்ப்பை 40 விழுக்காடாக்கினால் அது 32 ஆகிறது. 25 விழுக்காடாகக் குறைத்தால் 10 தான். தனியொருவரின் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது, ரன் குவியும் இன்னிங்ஸ்கள் பாதியளவுக்குச் சரிந்துவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1970களின் இறுதியில் வகுத்த சூத்திரமும் இதே அடிப்படையில்தான் அமைந்தது: தளமேறியோரின் எண்ணிக்கையையும் அவர்களை நகர்த்தும் அடிகளின் வலுவையும் அது பெருக்குகிறது, கூட்டுவதில்லை. பெருக்கலில் ஒன்று தளர்ந்தால் மற்றதன் பயனும் குறையும்.

அடுத்தது தற்செயலின் பங்கு. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகளில் ஏறத்தாழ பத்தில் மூன்றுதான் ஹிட்டாகின்றன. நன்றாக அடிக்கப்பட்ட பந்து நேராகக் காவலரின் கைக்குப் போகலாம். தப்பாகப் பட்ட பந்து யாரும் இல்லாத இடத்தில் மெல்ல விழலாம். இத்தகைய பந்துகளின் கதி பெரும்பாலும் பிட்சரின் கட்டுப்பாட்டில் இல்லை என்று 2001இல் வோரோஸ் மெக்கிராக்கன் வாதிட்டது பேஸ்பால் ஆய்வில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. மட்டையாளருக்கு இதில் பிட்சரைவிடக் கூடுதல் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு மாதக் கணக்கில் அதிர்ஷ்டமே ஓங்கி நிற்கும்.

இரசிகர்கள் இந்த இடத்தில் வேறொரு விளக்கத்தை நாடுகிறார்கள். தளங்களில் ஆள் நிற்கும்போது மட்டையாளர்கள் பதற்றப்படுகிறார்கள், நெருக்கடியில் தாக்குப்பிடிப்பதில்லை என்பது அது. ஜெர்மனியில் மட்டுமல்ல, பேஸ்பால் ஆடப்படும் எல்லா நாடுகளிலும் இதைக் கேட்கலாம். 1977இல் டிக் கிரேமர் இதைச் சோதித்தார். ஒரு பருவத்தில் நெருக்கடியான நேரங்களில் சிறந்து விளங்கியவர்கள் அடுத்த பருவத்திலும் அப்படியே விளங்குகிறார்களா என்று பார்த்தபோது, அத்தகைய தொடர்ச்சி அவர் கணக்கில் தென்படவில்லை. பின்னால் வந்த விரிவான ஆய்வுகள் மிகச் சிறிய வேறுபாட்டுக்கு இடமளித்தன. ஓர் அணியின் ரன் வறட்சியை விளக்க அது போதாது. வீரர்களின் மனத்திடத்தைக் குறைசொல்வது எளிது, ஆனால் பெரும்பாலும் அநியாயம். தளங்களில் ஆளை விட்டுவிட்டு இன்னிங்ஸை முடிக்கும் அணி, குறைந்தபட்சம் தளமேறத் தெரிந்த அணி. தளமேறவே முடியாத அணியின் நிலைதான் கவலைக்குரியது.

ஜெர்மனியில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரிவதற்கு லீகின் அமைப்பே முதல் காரணம். 1984இல் தொடங்கிய பேஸ்பால் புண்டஸ்லிகா வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக நடந்துவருகிறது. பல பருவங்களில் பிரிவுக்கு எட்டு அணிகள், ஓர் அணிக்கு 28 லீக் ஆட்டங்கள் என்பதே நடைமுறை. வீரர்களில் பெரும்பாலோர் வாரநாட்களில் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள். எனவே வார இறுதியில் ஒரே எதிரணியோடு இரண்டு ஆட்டங்கள். ஓர் ஆட்டத்தில் வெளிநாட்டுப் பிட்சர் எறியலாம், மற்றதில் உள்நாட்டுப் பிட்சர்களே எறிய வேண்டும் என்ற வகையிலான விதிகள் நீண்ட காலம் இருந்துவந்துள்ளன. இளம் ஜெர்மன் பிட்சர்களுக்கு வாய்ப்புத் தரும் நல்ல விதி அது. மட்டையாளர் பக்கம் அதன் விளைவு வேறு: வாரத்தில் ஓர் ஆட்டத்தில், அமெரிக்கக் கல்லூரி அணியிலோ மைனர் லீகிலோ ஆடிவிட்டு வந்த ஒருவரின் பந்து, இன்னோர் ஆட்டத்தில் அதைவிடப் பல கிலோமீட்டர் வேகம் குறைந்த பந்து. ஒரே வார இறுதியில் 2 ரன்னும் 12 ரன்னும் எடுக்கும் அணியைப் பார்த்து அதன் ஆட்டம் நிலையில்லாதது என்று சொல்வதில் பொருளில்லை. அது சந்தித்த பந்துகள் இரண்டு வகை, அவ்வளவே.

28 ஆட்டங்கள் என்பதன் இன்னொரு விளைவையும் கவனிக்க வேண்டும். மேஜர் லீகில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். முழுநேரம் ஆடும் மட்டையாளர் 600 முறைக்கு மேல் மட்டை பிடிக்கிறார். புண்டஸ்லிகாவில் 28 ஆட்டங்களில் அது நூற்றுச் சொச்சம். பத்துக்கு மூன்று ஹிட் அடிக்கக்கூடிய உண்மையான திறன் உள்ள ஒருவர் 100 வாய்ப்புகளில் 25 ஹிட்டும் அடிக்கலாம், 35ம் அடிக்கலாம். இரண்டும் இயல்பான அலைவுக்குள் அடங்கும். 35 அடித்த ஆண்டில் அவர் நட்சத்திரம். 25 அடித்த ஆண்டில் அணியில் அவர் இடமே கேள்விக்குள்ளாகும். திறன் மாறவில்லை. ஒரு பருவத்தின் எண்களை வைத்து மட்டையாளரை எடைபோடும் பழக்கம் இவ்வளவு குறுகிய லீகில் மிகத் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும்.

வரிசையின் ஆழம் என்ற கேள்வியே இந்த ஆய்வின் மையம். பேஸ்பாலில் ஒன்பது பேர் மாறி மாறி மட்டை பிடிக்கிறார்கள். சிறந்தவரே தொடர்ந்து ஆட வழியில்லை. புண்டஸ்லிகா அணிகள் பலவற்றில் முதல் மூன்று நான்கு இடங்களில் வெளிநாட்டில் பயின்றவர்களும் தேசிய அணி வீரர்களும் இருப்பார்கள். பின்வரிசையில் உள்ளூர்க் கழகத்தில் வளர்ந்த, பயிற்சிக்குக் குறைந்த நேரமே கிடைக்கும் வீரர்கள். முன்வரிசை மூவரின் தளமேறும் வாய்ப்பு 44 விழுக்காடு, மற்ற அறுவருடையது 26 விழுக்காடு என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒன்பது பேரின் சராசரி அதே 32தான். ஆனால் முன்வரிசையில் தொடங்கும் இன்னிங்ஸில் முதல் மூவரும் தளமேறாமல் திரும்பும் வாய்ப்பு 18 விழுக்காடு. பின்வரிசையில் தொடங்கினால் 41 விழுக்காடு. மூன்றாம் இன்னிங்ஸில் நாலு ரன், பிறகு மூன்று இன்னிங்ஸ் வெறுமை என்ற காட்சி இப்படித்தான் பிறக்கிறது. எதிரணிப் பயிற்சியாளர் விவரமானவராக இருந்தால் பலமான மட்டையாளருக்கு வேண்டுமென்றே ‘வாக்’ கொடுத்துவிட்டு அடுத்தவரைக் குறிவைப்பார். ஒன்பது பேரும் ஓரளவு தளமேறத் தெரிந்த அணியிடம் இந்தத் தந்திரம் பலிக்காது.

பின்வரிசை ஏன் பலவீனமாக இருக்கிறது? பந்தின் வேகம் இதற்கு நேரான விடை. பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் தளத்துக்கும் இடையே 18.44 மீட்டர். அவர் முன்னே எட்டிப் பந்தை விடுவதால் பந்து பறப்பது ஏறக்குறைய 17 மீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்துசேர அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. 150 கிலோமீட்டர் வேகத்தில் 0.4 நொடி. மட்டையைச் சுழற்றுவதற்கே இதில் கணிசமான பங்கு போய்விடுவதால், அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க எஞ்சுவது நொடியின் சிறு துண்டு. அந்தத் தீர்மானம் யோசித்து எடுப்பதல்ல, ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பழகிய கண் எடுப்பது. வாரம் ஒருமுறை மட்டும் வேகப் பந்தைச் சந்திக்கும் இருபது வயது ஜெர்மன் வீரரும், பதினைந்து வயதிலிருந்து தினமும் சந்திக்கும் டொமினிகன் வீரரும் உடல் வலுவில் சமமாக இருக்கலாம். பந்தை அடையாளம் காண்பதில் சமமாக முடியாது. இயந்திரம் எறியும் பந்து வேகத்தைப் பழக்கும். பிட்சரின் கை அசைவிலிருந்து வளைபந்தையும் நேர்ப்பந்தையும் பிரித்தறியும் திறனை அது தருவதில்லை.

வரலாறும் இங்கே நுழைகிறது. 1936 ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் முன்னிலையில் இரண்டு அமெரிக்க அணிகள் ஒரு கண்காட்சி ஆட்டம் ஆடின. அது ஜெர்மனியில் வேர் எதையும் ஊன்றவில்லை. வேர் விழுந்தது 1945க்குப் பிறகு, அமெரிக்கப் படைகள் முகாமிட்ட மன்ஹைம், பிராங்ஃபர்ட், ஸ்டுட்கார்ட் வட்டாரங்களில். சிப்பாய்கள் ஆடியதைப் பார்த்து இளைஞர்கள் கற்றார்கள். 1951இல் தேசிய அமைப்பு உருவானது. 1957இல் மன்ஹைமில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் மேற்கு ஜெர்மனி இரண்டாம் இடம் பிடித்தது. அதன்பின் ஆர்வம் தேய்ந்து, 1970 முதல் 1981 வரை தேசியச் சாம்பியன்ஷிப்பே நடக்கவில்லை. இந்தப் பன்னிரண்டு ஆண்டு வெற்றிடத்தின் விலை மிகப் பெரிது. மட்டை பிடிக்கும் கலை தகப்பனிடமிருந்து மகனுக்கும், பயிற்சியாளராகும் மூத்த வீரரிடமிருந்து அடுத்த தலைமுறைக்கும் கைமாறும் ஒன்று. ஒரு தலைமுறை விட்டுப்போனால் சங்கிலி அறுந்துவிடுகிறது. 1982இல் சாம்பியன்ஷிப் மீண்டும் நடந்து மன்ஹைம் டொர்னாடோஸ் அணி பட்டம் சூடியபோது, ஏறக்குறைய எல்லாம் புதிதாகத் தொடங்கப்பட வேண்டியிருந்தது. நெதர்லாந்தும் இத்தாலியும் அந்த ஆண்டுகளில் தங்கள் லீகுகளை விடாமல் நடத்திவந்தன. ஐரோப்பியப் பட்டங்கள் பெரும்பாலும் அவ்விரு நாடுகளிடமே போனதில் வியப்பில்லை.

பயிற்சி முறையாகக் கிடைத்தால் ஜெர்மனியிலும் மட்டையாளர் உருவாவார் என்பதற்கு இரண்டு பேர் சான்று. நியூயார்க் மாநிலத்தில் பிறந்து ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஃப்ரீட்பர்கில் வளர்ந்த டொனால்ட் லுட்ஸ், பதின்ம வயதின் நடுவில்தான் பேஸ்பாலுக்கு வந்தார்; 2013இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணியில் மேஜர் லீக் ஆடினார். பெர்லினில் பாலே கலைஞர்களின் மகனாகப் பிறந்த மாக்ஸ் கெப்லர், ரேகன்ஸ்பர்க் பயிற்சிக்கூடத்தில் தேறி 2009இல் மினசோட்டா ட்வின்ஸ் அணியோடு ஒப்பந்தமானார். 2019இல் அவர் அடித்த 36 ஹோம் ரன், ஐரோப்பாவில் பிறந்த ஒருவர் மேஜர் லீகில் ஒரு பருவத்தில் எட்டிய உச்சம். அவரது மொத்த ஆட்டவாழ்வின் சராசரியோ நான்குக்கு ஒரு ஹிட் என்பதற்கும் சற்றுக் கீழே. உலகத் தரத்தில் நிற்கும் மட்டையாளரே நான்கில் மூன்று முறைக்கு மேல் ஹிட் இல்லாமல் திரும்புகிற ஆட்டம் இது. ஆனால் இப்படித் தேறுபவர்கள் பதினாறு பதினேழு வயதிலேயே அமெரிக்கா போய்விடுகிறார்கள். அவர்களை எதிர்கொண்டு உள்ளூர்ப் பிட்சர்கள் வளரும் வாய்ப்பும், அவர்களைப் பார்த்து உள்ளூர் மட்டையாளர்கள் கற்கும் வாய்ப்பும் புண்டஸ்லிகாவுக்குக் கிடைப்பதில்லை.

புண்டஸ்லிகாவில் எடுக்கப்படும் ரன்களில் எதிரணியின் தவறுகள் தரும் ரன்களும் சேர்ந்திருக்கின்றன. பந்தைத் தவறவிடுவது, தளத்துக்குக் குறி தப்பி எறிவது, பிட்சர் தொடர்ந்து ‘வாக்’ கொடுப்பது ஆகியவை பகுதிநேர லீகில் தொழில்முறை லீகைவிட அதிகம். பலவீனமான அணிகளுக்கு எதிராக இப்படிக் குவிந்த பத்து ரன், அணியின் மட்டைபலம் என்று எண்ணப்பட்டுவிடும். பிளே ஆஃப் சுற்றில் தவறே செய்யாத காவல் வரிசையைச் சந்திக்கும்போது அந்த ரன்கள் மறைந்துபோகும். மட்டையாளர்கள் திடீரென்று சோர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

தேசிய அணிக்கு இந்தக் குறைகள் எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து வருகின்றன. சர்வதேசப் போட்டியில் எதிர்ப்படும் பிட்சர் ஒவ்வொருவரும், லீகில் வாரம் ஒருமுறை மட்டும் காணும் தரத்தில் இருப்பார். 2012இல் ரேகன்ஸ்பர்கில் சொந்த மண்ணில் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம் வரை முன்னேறிய ஜெர்மனி கனடாவிடம் தோற்றது. 2022இல் அதே ஊரில் பிரிட்டனிடம் 8–1, செக் குடியரசிடம் 8–4 என்று தோற்று வெளியேறியது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் டூசான் நகரில் பிரேசிலிடம் 6–4 என்று தோற்று, தகுதி இடத்தை நூலிழையில் இழந்தது. நாலு ரன் எடுத்தும் தோற்ற ஆட்டங்களில் மட்டையாளர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூன்று நான்கு ஆட்டங்களுக்குள் முடிந்துவிடும் தொடரில் ஒரே ஒரு வெறுமையான மாலை போதும். மாறாக, 2010இல் ஜெர்மனியே நடத்திய ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் அணி மூன்றாம் இடம் பெற்றது. பல ஆட்டங்கள் கொண்ட தொடரில் நல்ல நாட்களும் மோசமான நாட்களும் சமன்பட இடம் இருந்தது.

அமெரிக்காவில் பயின்ற, ஜெர்மன் கடவுச்சீட்டுப் பெறத் தகுதியுள்ள வீரர்களைச் சேர்ப்பது ஒரு தீர்வாக நாடப்படுகிறது. அது உடனடி வலு தரும். ஆனால் சில நாட்களே ஒன்றாகப் பயிற்சி செய்துவிட்டுக் களமிறங்கும் ஒன்பது பேரை வைத்து யாரை எந்த இடத்தில் ஆடவிடுவது என்பதைப் பயிற்சியாளர் ஊகத்தில்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.

தந்திரங்களின் பங்கு பொதுவாக நினைப்பதைவிடச் சிறியது. ரன் வறட்சியில் தவிக்கும் அணிகள் முதலில் கையில் எடுப்பது ‘பண்ட்’: பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட்டாகி, முதல் தளத்தில் இருப்பவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்துவது. கனடியரான ஜார்ஜ் லிண்ட்சி 1963இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இதன் லாபநட்டக் கணக்கு தெளிவாகிவருகிறது. மேஜர் லீகின் அண்மைக்கால எண்களின்படி, அவுட் இல்லாமல் முதல் தளத்தில் ஒருவர் இருந்தால் அந்த இன்னிங்ஸில் எதிர்பார்க்கக்கூடியது 0.86 ரன்; ஓர் அவுட்டோடு இரண்டாம் தளத்தில் ஒருவர் இருந்தால் 0.66 ரன்தான். தளம் ஒன்று முன்னேறியும் இழப்புதான் மிச்சம். கடைசி இன்னிங்ஸில் ஒரே ரன் வேண்டும், மட்டை பிடிப்பவர் மிகப் பலவீனமானவர் என்ற நிலையில் பண்ட் தகும். மூன்றாம் இன்னிங்ஸிலேயே அதை நாடுவது ரன்னைக் கைவிடுவதற்குச் சமம். மட்டையாளர் வரிசையை மாற்றி மாற்றிப் பார்ப்பதாலும் பெரிய பலனில்லை. 162 ஆட்டப் பருவத்திலேயே சாதாரண வரிசைக்கும் மிகச் சிறந்த வரிசைக்கும் உள்ள வேறுபாடு பத்துப் பதினைந்து ரன்னைத் தாண்டுவது அரிது; 28 ஆட்டங்களில் அது இரண்டு மூன்று ரன்னாகச் சுருங்கும்.

பருவநிலையும் கொஞ்சம் பங்களிக்கிறது. லீக் தொடங்கும் ஏப்ரலில் ஜெர்மனியில் குளிர் விலகியிருக்காது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அதில் பந்து குறைந்த தூரமே பறக்கும். குளிர்காலம் முழுவதும் உள்ளரங்கில் பயின்றுவிட்டு வரும் மட்டையாளர்களின் கண் திறந்தவெளிக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். ஏப்ரலின் ரன் பஞ்சத்தை வைத்துப் பயிற்சியாளரை மாற்றும் நிர்வாகம் ஜூன் வரை பொறுத்திருப்பது நல்லது.

ஓர் அணியின் தடுமாற்றம் தற்செயலா, உண்மைக் குறையா என்று அறிய, ரன்களைவிட அவற்றுக்கு முந்தைய எண்களே நம்பத்தக்கவை. தளமேறும் விகிதம் நன்றாக இருந்து, ‘வாக்’ போதிய அளவு கிடைத்து, பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாகும் ‘ஸ்ட்ரைக் அவுட்’ கட்டுக்குள் இருந்தும் ரன் வரவில்லையென்றால் அணியைக் கலைக்கத் தேவையில்லை. ஆட்டங்கள் கூடக் கூட ரன் வந்துவிடும். ஸ்ட்ரைக் அவுட் ஏறிக்கொண்டே போவது, ‘வாக்’ வற்றுவது, ஐந்தாம் இடத்துக்குப் பின் யாரும் தளமேறாதது ஆகியவை உண்மையான நோயின் அறிகுறிகள். ஜெர்மன் கழகங்கள் இந்த எண்களை வெளிநாட்டுப் பிட்சர் எறிந்த ஆட்டத்துக்கும் உள்நாட்டுப் பிட்சர் எறிந்த ஆட்டத்துக்கும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்த சராசரி, வேகப் பந்துக்கு முன் பின்வரிசை எப்படி ஆடுகிறது என்பதை மறைத்துவிடும். ஒரு வெளிநாட்டு மட்டையாளரைக் கூடுதலாக அமர்த்துவதா, அல்லது அதே பணத்தில் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள நால்வருக்கு வாரநாட்களில் வேகப் பந்து எறிய ஒரு பிட்சரை அமர்த்துவதா என்ற முடிவு அந்த எண்களைப் பொறுத்தது. மேலே கண்ட கணக்குகள் இரண்டாவதன் பக்கம் சாய்கின்றன.